பெருநாள் ஸஹனில் பாலாடைக்கட்டி: ஒரு வரலாற்றுப் பார்வை

அண்மையில் கழிந்த நோன்புப் பெருநாளன்று நம் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். பெருநாள் தொழுகை முடிந்து, இடியாப்பமும் வட்டிலப்பமும் பரிமாறப்பட்ட பிறகு, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் வீட்டு மருமகன் ஒரு மரப்பலகையைச் சுப்ராவின் நடுவே கொண்டுவந்து வைத்தார். அதில் ஐந்து வகைச் சீஸ்கள், பேரீச்சம்பழம், அக்ரூட், ஆலிவ் காய்கள், தேன் எல்லாம் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் ஆவலுடன் சூழ்ந்துகொண்டனர். நம் பெரியவாப்பா மட்டும் கையை நீட்டவில்லை. "இதற்கு எதைக் கொண்டு உறை ஊற்றியிருக்கிறார்கள், தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். "தெரியவில்லையே மாமா" என்றார் மருமகன். அவருடைய முகம் வாடிவிட்டது.

பெரியவாப்பா கடற்கரை ஊர்க்காரர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர். மருமகன் குடும்பத்தார் உள்நாட்டு ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹபினர். ஒரே சுப்ராவில் அமர்ந்த இரு குடும்பத்தாருக்கும் ஒரே துண்டுச் சீஸைப் பற்றி வெவ்வேறு விடைகள் இருக்கக்கூடும் என்பதை அன்று நாம் உணர்ந்தோம். இது நம் காலத்தில் முளைத்த ஐயம் என்றே பலர் எண்ணுகின்றனர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நம் முன்னோர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பாலாடைக்கட்டியை உண்டும் வந்திருக்கின்றனர். அதைப் பற்றிக் கேட்டும் வந்திருக்கின்றனர்.

தோல் விரிப்பில் ஒரு வலீமா

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தார்கள். படை பயணத்தில் இருந்தது. ஆடறுக்கவும் ரொட்டி சுடவும் வசதியில்லை. தோல் விரிப்புகளை விரிக்குமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். அவற்றின் மீது பேரீச்சம்பழமும், 'அகித்' என்னும் உலர்ந்த பாலாடைக்கட்டியும், நெய்யும் வைக்கப்பட்டன. அந்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். யாரிடம் எது இருந்ததோ அதைக் கொண்டுவந்து சேர்த்தனர் என்றும், அவற்றைப் பிசைந்து 'ஹைஸ்' என்னும் பண்டமாக்கி உண்டனர் என்றும் அறிவிப்புகள் உள்ளன.

அகித் என்பது கடைந்த மோரைக் காய்ச்சி, வடித்து, உருட்டி வெயிலில் உலர்த்திய கட்டியாகும். கல்லைப் போல் இறுகிவிடும், மாதக்கணக்கில் கெடாது. பாலைவனத்தில் ஒட்டகத்தோடும் ஆட்டோடும் இடம்பெயரும் மக்களுக்குப் பாலைச் சேமித்து வைக்க இதைவிட நல்ல வழி இருக்கவில்லை. உறைந்த மோரின் புளிப்பே அதைக் கட்டியாக்குவதால் விலங்கின் இரைப்பைப் பொருள் எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

அகித்துக்கும் பெருநாளுக்கும் இன்னொரு நேரடித் தொடர்பு உண்டு. நபிகளாரின் காலத்தில் நோன்புப் பெருநாள் தர்மமாக ஒரு ஸாவு அளவு உணவு, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், அகித், உலர்ந்த திராட்சை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்து வந்ததாக அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். ஆக, பெருநாள் காலையில் ஏழையின் வீட்டை அடைந்த உணவுகளுள் பாலாடைக்கட்டியும் ஒன்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சிறிய தாயார் உம்மு ஹுஃபைத் (ரலி) அவர்கள் நபிகளாருக்கு அகித்தும் நெய்யும் உடும்பும் அன்பளிப்பாக அனுப்பியதும், நபிகளார் உடும்பை விரும்பாமல் மற்ற இரண்டை உண்டதும் நாம் அறிந்ததே.

தபூக்கில் கேட்கப்பட்ட கத்தி

அகித் அரபு நாட்டுப் பண்டம். அரபியில் 'ஜுப்ன்' எனப்படும் சீஸின் கதை வேறு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்தின்போது நபிகளாரிடம் ஒரு ஜுப்ன் கொண்டுவரப்பட்டது. அவர்கள் ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயரைக் கூறி, அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தபூக், ஷாம் நாட்டின் எல்லையை ஒட்டிய இடம். கத்தி கொண்டு வெட்டும் அளவுக்குக் கெட்டியான கட்டி அது என்பதை இந்த அறிவிப்பிலிருந்து நாம் அறிகிறோம்.

ஜுப்ன் செய்யும் முறையில்தான் நம் பெரியவாப்பா எழுப்பிய வினாவின் வேர் இருக்கிறது. நம் வீடுகளில் பாலுக்கு உறைமோர் ஊற்றுகிறோம், அது தயிராகிறது. ஜுப்னுக்கு ஊற்றும் உறை வேறு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் நான்காம் இரைப்பையில் பாலைத் திரளச் செய்யும் ஒரு நொதி சுரக்கிறது. அதையே ஃபிக்ஹு நூல்கள் 'இன்ஃபஹா' என்கின்றன, ஆங்கிலத்தில் ரென்னெட். ஒரு சிறு துளி, பெரும் பாத்திரம் நிறைந்த பாலைக் கெட்டியாக்கிவிடும். அந்தக் கன்று முறைப்படி அறுக்கப்பட்டதா, தானாகச் செத்ததா, யார் அறுத்தது என்னும் வினாக்கள் அந்தத் துளியோடு சேர்ந்தே வருகின்றன.

பாரசீகச் சந்தையில் எழுந்த வினா

நபித்தோழர்கள் இராக்கையும் பாரசீகத்தையும் வென்றபோது அங்கே பாலாடைக்கட்டி தாராளமாகக் கிடைத்தது. அதைச் செய்தவர்கள் நெருப்பை வணங்கும் மஜூஸிகள். அவர்கள் அறுத்த பிராணி முஸ்லிம்களுக்கு ஆகுமானதன்று. ஆயினும் தோழர்கள் அந்தப் பாலாடைக்கட்டியை உண்டனர் என்னும் செய்தி ஃபிக்ஹு நூல்களில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. இதன் பொருள் என்ன என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்தனர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பன்றியைத் தவிர்த்த ஏனைய பிராணிகளின் இன்ஃபஹா, அப்பிராணி செத்துப் போனாலும் தூய்மை இழப்பதில்லை என்று கருதினார்கள். அவர்களின் இரு மாணவர்களுக்கும் இதில் தயக்கம் இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர், செத்த பிராணியின் இன்ஃபஹா அசுத்தமானதே என்றனர். ஷாஃபிஈ நூல்களின்படி, பால் தவிர வேறெதையும் உண்ணாத குட்டி முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால் அதன் இன்ஃபஹா தூயது. ஹன்பலி மத்ஹபில் இரு கருத்துகளும் உண்டு. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் தோழர்களின் செயலைச் சான்றாகக் காட்டி அனுமதியின் பக்கம் நின்றார்கள். எதிர்த்தரப்பினரோ, மஜூஸிகளின் ஊர்களில் கசாப்புத் தொழிலைச் செய்தவர்கள் யூதர்களும் கிறித்தவர்களுமாக இருந்திருக்கலாம் என்று விடையளித்தனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அசுத்தம் கலக்காத வரையில் பாலாடைக்கட்டி உண்பது ஆகும் என்பதில் சமுதாயம் முழுவதும் ஒன்றுபட்டிருப்பதாக எழுதுகிறார்கள்.

இரண்டு தரப்பிலும் இருப்பவர்கள் மேதைகள். இரு தரப்பினரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வந்தனர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஷாஃபிஈ சட்டம் படித்த பெரியவர் தயங்குவதற்கும், உள்நாட்டு ஹனஃபி குடும்பத்தார் தயங்காமல் உண்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் மிகைப் பேணுதலுடையவர், மற்றவர் அலட்சியக்காரர் என்று முத்திரை குத்துவது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.

ரோமாபுரிச் சீஸும் சான்றுக் கடிதமும்

ஹிஜ்ரி ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இந்த வினா மத்தியதரைக் கடலின் கப்பல்களில் ஏறியது. சிசிலி, கிரீட் போன்ற தீவுகளிலிருந்து பாலாடைக்கட்டி எகிப்துக்கு இறக்குமதியானது. ஸ்பெயினின் தொர்தோசாவில் பிறந்து அலெக்சாந்திரியாவில் குடியேறிய மாலிகி அறிஞர் அபூபக்ர் அத்தர்தூஷி (ரஹ்) அவர்கள், 'ரூமி ஜுப்ன்' ஆகாது என்று தனியாக ஒரு நூலே எழுதினார்கள். அவர்கள் கி.பி. 1126இல் மறைந்தார்கள். ஒரு துறைமுக நகரத்து அறிஞர் சீஸுக்காக ஒரு நூலை எழுத நேர்ந்தது என்றால், அந்த நகரத்து மக்கள் அதை எவ்வளவு விரும்பி உண்டிருக்க வேண்டும்!

அதே காலத்துக் கெய்ரோவில் வாழ்ந்த யூதர்களுக்கும் இதே கவலை இருந்தது. கெய்ரோ கெனிஸாவில் கிடைத்த ஆவணங்களுள், இந்தப் பாலாடைக்கட்டி எங்கள் வேதச் சட்டப்படி செய்யப்பட்டதே என்று உறுதியளிக்கும் சான்றுக் கடிதங்களும் உள்ளன. இன்று நாம் பொட்டலத்தில் தேடும் ஹலால் முத்திரையைப் போன்ற ஓர் ஏற்பாடு, ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே அண்டை வீட்டுச் சமுதாயத்திடம் இருந்தது. எகிப்தில் 'ஜிப்னா ரூமி' என்னும் பெயரில் ஒரு கெட்டிச் சீஸ் இன்றும் விற்கப்படுகிறது.

பக்தாதின் விருந்து

சட்டம் பேசியவர்கள் ஒருபுறம் இருக்க, சுவையைக் கொண்டாடியவர்களும் இருந்தனர். அப்பாசியர் காலத்துக் கவிஞர் இப்னு அர்ரூமி (836–896), ரொட்டியின் நடுவே கோழி இறைச்சி, பருப்புக் கொட்டைகள், பாலாடைக்கட்டி, ஆலிவ், புதினா, அவித்த முட்டை ஆகியவற்றை அடுக்கும் முறையை ஒரு கவிதையாகவே பாடியிருக்கிறார். வரலாற்றாசிரியர் மஸ்ஊதி அதைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். பாலாடைக்கட்டியோடு அக்ரூட்டைச் சேர்த்து உண்பது அரபு, பாரசீக உணவு மரபில் ஊறிப்போன வழக்கம். ஈரானில் திருமண ஒப்பந்தம் நடக்கும் விரிப்பில் இன்றும் ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சை இலைகள் அடங்கிய தட்டு ஒன்று வைக்கப்படுகிறது. மணமக்களின் வாழ்வு செழிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு அது விருந்தினருக்கும் பகிரப்படுகிறது. நாம் அன்றாடம் வழங்கும் 'பனீர்' என்னும் சொல்லும் பாரசீகம் தந்ததே.

ஆகவே, பலவகைப் பாலாடைக்கட்டியைப் பழத்தோடும் கொட்டையோடும் ஒரே தட்டில் வைப்பதை மேலைநாட்டு நாகரிகம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஸஹனைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் நமக்கு அந்தத் தட்டின் இயல்பு அந்நியமானதும் அன்று.

தொழிற்சாலை யுகம்

1874இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்தியன் ஹான்சன் என்பவர் கன்றின் இரைப்பையிலிருந்து ஒரே தரத்தில் ரென்னெட்டைப் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கினார். அதுவரை இடையன் தன் ஆட்டுக்குட்டியின் இரைப்பையைத் தானே பதப்படுத்தி வந்தான். கேட்டால் விடை சொல்ல அவன் இருந்தான். இப்போது உறை புட்டியில் அடைபட்டுக் கடல் கடந்தது. கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்று வழிகள் வந்தன. முதலில் பூஞ்சையிலிருந்து நுண்ணுயிர் ரென்னெட் எடுக்கப்பட்டது. பிறகு, கன்றின் நொதியை உருவாக்கும் மரபணுவை நுண்ணுயிரியில் சேர்த்து நொதிக்கவைத்துப் பெறும் கைமோசினுக்கு 1990இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இன்று உலகில் விற்பனையாகும் சீஸில் பெரும்பங்கு இவ்வகைகளால் உறைந்ததே. ஹலால் சான்று அமைப்புகள் பலவும் இவற்றை ஏற்கின்றன. ஸ்பெயினின் தோர்த்தா தெல் காசர் என்னும் சீஸோ, கார்டூன் என்னும் முட்செடியின் ஊதாப் பூவை ஊறவைத்த நீரால் காலங்காலமாக உறைய வைக்கப்படுகிறது.

மறுபுறம், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் ரென்னெட் கொண்டே செய்ய வேண்டும் என்பது அதன் சட்ட வரையறை. பழைய முறையில் துணி சுற்றி முதிர வைக்கும் சில ஆங்கிலச் செடார் வகைகளில் அந்தத் துணியின் மீது பன்றிக் கொழுப்பு பூசும் வழக்கமும் உண்டு. சில ஐரோப்பியச் சீஸ்களின் மேற்புறத்தை மதுவால் கழுவி முதிர வைக்கின்றனர். இவற்றை அறியாமல் விலை உயர்ந்த பொட்டலத்தைப் பெருமைக்காக வாங்குவது நமக்கு ஏற்றதன்று.

பெருநாளுக்கு ஒரு தட்டு

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ வலீமாவுக்கோ ஒரு தட்டை நாம் எவ்வாறு அமைக்கலாம்?

முதலில், உறை ஊற்றாத வகை ஒன்று. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு வடியவிட்டு, உப்பிட்டு, சிறு உருண்டைகளாக்கி ஆலிவ் எண்ணெயில் இட்டால் அரபு நாட்டின் லப்னா ஆயிற்று. இதை வீட்டிலேயே செய்யலாம்; யாருக்கும் எந்த ஐயமும் எழாது. இரண்டாவதாக, உப்புநீரில் ஊறிய வெள்ளைச் சீஸ். துருக்கியின் பெயாஸ் பெய்னிர், கிரேக்கத்தின் ஃபெட்டா ஆகியவை இவ்வகை. உப்பு மிகுந்திருந்தால் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து எடுக்கலாம். மூன்றாவதாக, பாலஸ்தீனத்து நாப்லுஸ் நகரின் பெயரைத் தாங்கிய நாபுல்ஸி. மஸ்தகியும் மஹ்லபும் மணக்கும் இந்தச் சீஸ்தான் குனாஃபாவின் உள்ளீடாகவும் அமைகிறது. நான்காவதாக, சைப்பிரஸ் தீவின் ஹலூமி. எகிப்தின் கிப்தி மொழியிலிருந்து அரபிக்கு வந்த 'ஹலூம்' என்னும் சொல்லே இதன் பெயர். அத்தீவின் துருக்கிய முஸ்லிம்களும் கிரேக்கக் கிறித்தவர்களும் இதைத் தம் பாரம்பரியமாகவே கொண்டாடுகின்றனர். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. இது உருகி ஓடாது. கல்லில் இருபுறமும் பொன்னிறமாக வாட்டிச் சூட்டோடு பரிமாற வேண்டும். ஐந்தாவதாக, நுண்ணுயிர் ரென்னெட் என்று குறிப்பிட்டிருக்கும் முதிர்ந்த செடாரோ கௌடாவோ சேர்க்கலாம்.

விருந்துக்குப் பின் வைப்பதானால் ஆளுக்கு 40 முதல் 50 கிராம் போதும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து சற்று முன்னரே எடுத்து வைத்தால்தான் சுவை வெளிப்படும். நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் போதுமானது. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கத்தி வைப்பது நல்லது. ஒன்றின் மணம் மற்றொன்றில் ஏறாது, ஒன்றைத் தவிர்ப்பவருக்கும் மனக்குறை இராது. பேரீச்சம்பழம், அக்ரூட், ஆலிவ், புதினா, வெள்ளரி, தேன் ஆகியவை உடனிருக்கட்டும்.

வாங்கும்போது பொட்டலத்தைப் படிக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் சீஸில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கின் இரைப்பைப் பொருள் அதில் இல்லை. ஆயினும் பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மணமூட்டிய வகைகளில் சேர்மானப் பட்டியலையும் பார்த்துவிடுவது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தட்டில் ஒவ்வொரு சீஸின் பக்கத்திலும் ஒரு சிறு சீட்டு வைப்போம்: பெயர், எந்த நாட்டினது, எதனால் உறைந்தது. அது விருந்தாளி கேட்பதற்கு முன்பே அளிக்கப்படும் விடை. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே என மக்கள் கேட்டபோது, நீங்கள் அவன் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) விடை கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விருந்தளித்தவரைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம் என்பது விருந்தாளிக்கு இதிலுள்ள பாடம். விருந்தாளியைத் தயங்கவைக்காமல் தெரிந்து வைத்துப் பரிமாற வேண்டும் என்பது நமக்குரிய பாடம்.

அன்று மாலை நம் மருமகன் ஒவ்வொரு பொட்டலத்தையும் குப்பையிலிருந்து எடுத்துப் படித்தார். நான்கில் நுண்ணுயிர் ரென்னெட் என்று இருந்தது. ஒன்றில் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அந்த ஒன்றை அவர் தாமாகவே தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஹலூமியை வாட்டிப் பெரியவாப்பாவிடம் கொண்டுபோனார். பெரியவாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டார். "நம்ம கொழுக்கட்டை மாதிரி மெல்ல வேண்டியிருக்கிறதே" என்று சிரித்தார். எடுத்து வைத்த ஐந்தாவதைச் சம்பந்தி வீட்டார் தம் மத்ஹபின்படி உண்டனர். யாரும் யாரையும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் தோல் விரிப்பில் இருந்தவை பேரீச்சம்பழமும் அகித்தும் நெய்யும் மட்டுமே. நம் தட்டு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். வீண்விரயம் இல்லாமல், ஏழைக்குரிய ஃபித்ராவை முதலில் கொடுத்துவிட்டு, அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு அனுப்பிய பிறகு அதைச் சுற்றி அமர்வோமாக. ஆகுமானதைத் தேடும் அறிவையும், கருத்து வேறுபாட்டைத் தாங்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.